பேசியவர்கள்: அஜின் × 7

குலசேகரத்திலிருந்து திற்பரப்புக்குப் போகும் சாலையில், ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே அமைதிச்சுடர் மெட்ரிகுலேஷன் மேல்நிலைப் பள்ளி இருக்கிறது. வாசலில் 'இங்கு அமைதி கற்பிக்கப்படும்' என்று பெரிய எழுத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள். கணக்கும் இயற்பியலும் கற்பிக்கப்படுமா என்பது பற்றிப் பலகையில் ஒன்றும் இல்லை. பெற்றோர்களும் அதைக் கேட்டதில்லை. வீட்டில் வாயை மூடாத பிள்ளையைக் கொண்டுவந்து விட்டால், மூன்றே மாதத்தில் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லும் பிள்ளையாகத் திருப்பித் தருவார்கள் என்று சுற்றுவட்டாரத்தில் பெயர்.

வாத்தியார் இல்லாத நேரத்தில் கிளாஸ் லீடர் கரும்பலகையில் 'பேசியவர்கள்' என்று தலைப்புப் போட்டு, அடியில் கோடு இழுத்து, பேசுகிறவர்களின் பெயரை எழுதுவது எல்லாப் பள்ளிக்கூடத்திலும் உள்ளதுதான். மறுபடி பேசினால் பெயருக்குப் பக்கத்தில் ஒரு பெருக்கல் குறி போட்டு இரண்டு, மூன்று என்று ஏற்றிக்கொண்டே போவார்கள். மற்ற இடங்களில் வாத்தியார் வந்ததும் ஓர் அதட்டல் போட்டுவிட்டு டஸ்டரால் துடைத்துவிடுவார். அமைதிச்சுடரில் அதை ஒரு சாஸ்திரமாகவே வளர்த்திருந்தார்கள்.

மதியச் சாப்பாடு முடிந்ததும் முக்கால் மணி நேரம் 'மௌன வேளை'. ஆசிரியர்கள் அத்தனை பேரும் மௌன வேளையை மேம்படுத்துவது பற்றி ஆலோசிக்க ஆசிரியர் அறைக்குப் போய்விடுவார்கள். அந்த ஆலோசனையின் சிரிப்புச் சத்தம் மூன்று வகுப்பறை தாண்டிக் கேட்கும். பிள்ளைகள் கையைக் கட்டிக்கொண்டு அதைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். சாயங்காலம் பலகையில் உள்ள பெயர்களெல்லாம் 'பேச்சுப் பதிவேடு' என்ற தடித்த புத்தகத்தில் சிவப்பு மையில் ஏறும். ஒரு வருஷத்துக்கு இருபத்தைந்து வரைக்கும் பொறுப்பார்கள். இருபத்தாறு ஆகிவிட்டால் நன்னடத்தைச் சான்றிதழில் 'நன்று' என்று வரவேண்டிய இடத்தில் 'நன்றன்று' என்று எழுதிவிடுவார்கள்.

விதிகளும் நுணுக்கமானவை. இருமல் பேச்சாகாது. ஆனால் இரண்டு பேர் மாறி மாறி இருமினால் அது உரையாடல். தும்மலுக்கு மன்னிப்பு உண்டு. தும்மிவிட்டு 'சாரி' என்று சொன்னால் ஒன்று. விக்கலை மட்டும் அந்தந்த நேரத்துக்கு ஏற்றபடி லீடர் தீர்மானிக்கலாம்.

பிளஸ் ஒன் வகுப்பின் லீடர் அஸ்வதி. பதினாறு வயது. பள்ளியிலேயே அழகான கையெழுத்து அவளுடையது. அதற்காகத்தான் லீடர் ஆக்கினார்கள். ஆனால் அவளுக்கு ஒரு குறை இருந்தது. அவள் நியாயமாக எழுதினாள். மற்ற லீடர்கள் சிநேகிதிகளை விட்டுவிடுவார்கள், மிட்டாய் தந்தவர்களுக்கு இரண்டைக் குறைப்பார்கள். அஸ்வதி பக்கத்து பெஞ்சுக்காரியையும் எழுதினாள். ஒரு நாள் 'ஜன்னலைச் சாத்து' என்று தானே வாய் தவறிச் சொல்லிவிட்டதற்காகத் தன் பெயரையும் எழுதினாள். அதைக் கண்டு பிரின்சிபால் சத்தியபாய்க்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. "லீடர் பேசமாட்டாள். அதனால இது பொய்த் தகவல்" என்று சொல்லி, பொய்த் தகவல் எழுதியதற்காக அவளை ஒரு மணி நேரம் நிற்க வைத்தார்.

அன்றைக்கே அஸ்வதிக்கு மனசுக்குள் ஒரு சந்தேகம் தட்டியது. ஆனாலும் கை எழுதிப் பழகிவிட்டது. பழகிய கை என்ன செய்யும் என்பது ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் தெரிந்தது.

அவள் பலகைப் பக்கம் திரும்பித் தலைப்புக்குக் கோடு போட்டுக்கொண்டிருந்தாள். அந்த வகுப்பு இருக்கும் புது பிளாக்குக்குப் பின்னால் ஒடிந்த பெஞ்சுகளை மலைபோல அடுக்கி வைத்திருக்கிறார்கள். அந்தப் பக்கத்துக் கதவு வழியாக ஓர் ஆள் நீளத்துக்குப் பாம்பு ஒன்று உள்ளே வந்தது. கடைசி பெஞ்சில் இருந்த அஜின்தான் முதலில் பார்த்தான்.

"பாம்பு!" என்றான்.

அஸ்வதியின் கை திரும்பிப் பார்க்காமலே 'அஜின்' என்று எழுதியது.

"லேய், பாம்பு!"

× 2.

"பாம்புலே, காலைத் தூக்குங்க!" மூன்று. "பெஞ்சில ஏறுங்கலே!" நான்கு. "கதவைச் சாத்தாத, அது போட்டும்!" ஐந்து. "ஏட்டி அஸ்வதி!" ஆறு.

தன் பெயரைக் கேட்டதும்தான் அவள் திரும்பினாள். "ஏட்டி, உனக்க காலுக்கிட்ட!" என்று அஜின் கத்தினான். குனிந்து பார்த்தாள். ஒரு முழம் தள்ளிப் பாம்பு போய்க்கொண்டிருந்தது. ஒரே தாவில் ஆசிரியர் மேசை மேல் ஏறிவிட்டாள். ஏறினாளே தவிர, அங்கிருந்தே எட்டி, ஆறை விரலால் அழித்து ஏழு என்று எழுதினாள். எழுதிய பிறகுதான் தான் என்ன எழுதினோம் என்று பார்த்தாள்.

பாம்பு சுவரோரமாகப் போய், மழைத்தண்ணீர் வடிகிற ஓட்டை வழியே வெளியேறிவிட்டது. சத்தம் கேட்டு உடற்கல்வி ஆசிரியர் ராஜமணி ஓடிவந்தார். பெஞ்சு மேல் நின்ற நாற்பது பேரையும் பார்த்தார், மேசை மேல் நின்ற லீடரையும் பார்த்தார், பிறகு பலகையைப் பார்த்தார்.

"பேசினது யாரு?"

"பாம்பு சார்" என்றது ஒரு குரல்.

"பாம்பு பேசாது. பேசினவன் யாருன்னு கேட்டேன்."

பலகையில் பதில் அழகான கையெழுத்தில் இருந்தது.

சாயங்காலம் திற்பரப்பு பஸ்ஸில் அஜின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். அஸ்வதி அவன் முகத்தைப் பார்க்கவில்லை. அஜின் கோதையாற்றங்கரை மணலில் குதித்துக் குதித்து வளர்ந்தவன். நீளம் தாண்டுவதில் ஜில்லாவிலேயே முதல். அடுத்த மாதம் திருச்சியில் மாநிலப் போட்டி. அதற்குப் பள்ளியிலிருந்து நன்னடத்தைச் சான்றிதழ் வேண்டும், அதில் 'நன்று' என்று இருக்க வேண்டும். அவன் கணக்கில் ஏற்கெனவே பத்தொன்பது இருந்தது. அதில் பதினாறு விக்கல்.

"இருவத்தாறு ஆயாச்சு, இல்லியா?" என்றாள் அஸ்வதி.

"ஆமா. விடு மக்கா. நீ என்ன செய்வ? உனக்க கை பழகிப் போச்சு."

"ஏழாமத்தது எனக்க காலுக்கிட்டன்னு நீ சொன்னதாக்கும்."

"அதையும் எழுதினியா?" அஜின் சிரித்துவிட்டான். "நல்ல ஆளுட்டி நீ!"

அவன் திட்டியிருந்தால்கூடத் தேவலை. அவன் சிரித்ததுதான் அவளுக்குத் தாங்கவில்லை. தன்னைக் காப்பாற்றக் கத்தினவனைத் தானே எழுதிக் கொடுத்துவிட்டோமே என்று வெட்கமாக இருந்தது. பஸ்ஸை விட்டு இறங்கும்போதே தீர்மானித்துவிட்டாள். எழுதிய கைதான் அழிக்க வேண்டும்.

மறுநாள் காலையில் பிரின்சிபால் அறைக்குப் போய், அஜினுக்குப் போட்ட ஏழும் தப்பு, அழித்துவிட வேண்டும் என்றாள். சத்தியபாய் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார்.

"இஞ்ச பாரு, பலகையில இருக்கது சாக்பீஸ். அதை அழிக்கலாம். ரெஜிஸ்டர்ல இருக்கது சிவப்பு மை. அது சரித்திரம். சரித்திரத்தை அழிக்கதுக்கு நீ யாரு, நான் யாரு?"

"பாம்பு வந்ததுனாலதான் டீச்சர் அவன் சத்தம் போட்டான்."

"பாம்பு வந்துதா இல்லியாங்கதை நீயும் நானும் தீர்மானிக்க முடியாது. அதுக்குக் கமிட்டி வேணும்."

மூன்று நாளில் கமிட்டி வந்துவிட்டது. அதன் பெயர் 'பேச்சு விசாரணைக் குழு'. தாளாளர் ஆனந்தகிருஷ்ணன் தலைவர், சத்தியபாய் உறுப்பினர், ராஜமணி செயலாளர். அஸ்வதியையும் அஜினையும் வாசலில் நிற்க வைத்துவிட்டுக் குழு முதலில் இரண்டு மணி நேரம் பேசியது. பேசிக் களைத்த பிறகுதான் உள்ளே கூப்பிட்டார்கள்.

தாளாளர் மேடையில் ஏறாமலே மேடைத்தமிழ் பேசுகிறவர். "நான் இந்தப் பள்ளியைத் தொடங்கிய அன்று முப்பத்தாறு குழந்தைகள்" என்று ஆரம்பித்தார். "முப்பத்தாறு பேரும் பேசுவார்கள். கேள்வி கேட்பார்கள். என்னால் தூங்க முடியவில்லை. இன்று நானூறு பேர். ஒருவரும் வாய் திறப்பதில்லை. வளர்ச்சி என்பது இதுதான். இப்படிப்பட்ட இடத்தில் ஒருவன் ஏழு முறை பேசியிருக்கிறான் என்றால், அது ஏழு முறை என் முகத்தில் அறைந்தது போல." அறைபட்ட முகத்தைக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டார்.

பிறகு ராஜமணி புலனாய்வு அறிக்கையை வாசித்தார். வெளியாட்கள் யார் வந்தாலும் கேட்டில் உள்ள புத்தகத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். செவ்வாய்க்கிழமை மதியத்துக்கு மேல் யாரும் கையெழுத்துப் போடவில்லை. வாட்ச்மேனை விசாரித்ததில், அதைக் கேட்பதற்கு முன்பே, தான் தூங்கவே இல்லை என்று அவர் சொல்லியிருக்கிறார்.

"ஆகவே பாம்பு உள்ளே வந்ததற்கு ஆதாரம் இல்லை" என்றார் தாளாளர். "இன்னொன்றும் கவனிக்க வேண்டும். பாம்பு வந்தது என்று நாம் எழுதினால், நம் பள்ளிக்குள் பாம்பு வந்ததாக ஆகிவிடும். அட்மிஷன் நேரத்தில் அப்படி ஒரு பாம்பு வரலாமா?"

"வரப்படாது" என்றார் சத்தியபாய்.

"வரக்கூடாத பாம்பு வரவில்லை என்று குறித்துக்கொள்ளுங்கள்."

ராஜமணி குறித்துக்கொண்டார். பாம்பு வராததால் அஜின் காரணமில்லாமல் ஏழு முறை பேசியவன் ஆனான். அதற்கு லீடர் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். 'செவ்வாய்க்கிழமை மௌன வேளையில் நான் பாம்பு எதையும் காணவில்லை' என்று டைப் அடித்த தாளை அஸ்வதியின் முன்னால் வைத்தார்கள்.

"நான் கண்டேன் சார்" என்றாள்.

"எதை?"

"பாம்பை."

தாளாளர் தாளை அவள் பக்கம் இன்னும் நகர்த்தினார். "லீடர் என்ற முறையில் கண்டாயா, தனிப்பட்ட முறையில் கண்டாயா?"

"மேசை மேல ஏறி நின்னு கண்டேன் சார்."

"தனிப்பட்ட முறையில்" என்று தாளாளர் ராஜமணிக்கு எடுத்துக் கொடுத்தார். "தனிப்பட்ட காட்சிகள் செல்லாது. கையெழுத்துப் போடு."

அஸ்வதி பேனாவைத் தொடவில்லை. இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டாள். பள்ளி ஆறு வருஷமாகச் சொல்லிக்கொடுத்த நிலைதான் அது. அதை எதிர்த்து நிற்பதற்கும் பயன்படுத்தலாம் என்று அன்றைக்குத்தான் கண்டுகொண்டாள்.

குழு இன்னொரு முடிவும் எடுத்தது. இனிமேல் ஆபத்து வந்தால் யாரும் கத்தக்கூடாது. வலது கையைத் தூக்கிக் காத்திருக்க வேண்டும். அனுமதி கிடைத்ததும் 'அவசரப் பேச்சு அனுமதிச் சீட்டு' வாங்கிப் பூர்த்தி செய்ய வேண்டும். பெயர், வகுப்பு, ஆபத்தின் தன்மை, ஆபத்து முடியும் உத்தேச நேரம், வகுப்பாசிரியர் கையெழுத்து, பிரின்சிபால் கையெழுத்து. அதன் பிறகு பேசலாம், மெல்லிய குரலில்.

"அதுவரைக்கும் பாம்பு நிக்குமா சார்?" என்று கேட்டாள் அஸ்வதி.

"ஒழுங்கு எல்லாருக்கும் பொது" என்றார் தாளாளர். "பாம்புக்கு என்று தனி விதி போட முடியாது."

அடுத்த நாள் அவளுடைய அப்பாவைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். முத்துநாயகம் ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டுத் தொழிலாளி. விடியற்காலையில் மரப்பட்டையைக் கீறி, பாலெடுத்து ஊற்றிவிட்டு, ரப்பர் பால் வாசனையோடு அப்படியே வந்து பிரின்சிபால் முன்னால் நின்றார். பள்ளிக்கூடம் என்றால் அவர் இன்றைக்கும் செருப்பை வாசலிலேயே கழற்றிவிடுவார்.

"மகளுக்குப் புத்தி சொல்லுங்கொ" என்றார் சத்தியபாய். "வராத பாம்பை வந்துதுன்னு பிடிவாதம் பிடிக்கா."

முத்துநாயகம் மகளைப் பார்த்தார். "என்ன பாம்பு மோளே? படம் எடுத்துதா?"

"இல்லப்பா. நல்ல நீளம். மஞ்சளும் தவிட்டு நிறமுமா இருந்து. வேகமா ஓடிச்சு."

"அது சாரையாக்கும். எலி பிடிக்க வந்திருக்கும். அதுக்கு விஷம் கிடையாது, பேடிக்காண்டாம்."

"நாங்க பாம்பு வரலேங்கோம். நீங்க இன்ன பாம்புங்கியளே!" என்று சத்தியபாய் மேசையைத் தட்டினார்.

முத்துநாயகம் பதறிப்போய்விட்டார். "செரி டீச்சர், வரல. நீங்க சொன்னா வரல. ஆனா அந்த ஒடஞ்ச பெஞ்சையெல்லாம் அங்கேருந்து மாத்தணும் கேட்டியளா. அடியில எலி கெடக்கு. எலி கெடந்தா, வராத பாம்பு பின்னயும் வரும்."

வெளியே வந்ததும் அவர் மகளிடம் புத்தி எதுவும் சொல்லவில்லை. "கண்டதைக் காணலேன்னு எழுதாண்டாம்" என்று மட்டும் சொல்லிவிட்டு, ரப்பர் ஷீட் அடிக்க நேரமாகிவிட்டது என்று ஓடினார்.

பெஞ்சுகளை மாற்ற முடியாது என்பது சத்தியபாய்க்குத் தெரியும். மாற்றினால் ஏன் மாற்றினீர்கள் என்று யாராவது கேட்பார்கள். பாம்பு வந்ததால் என்று சொல்ல முடியாது. ஆகவே பெஞ்சு மலையை மறைத்து ஒரு நீலத் திரை கட்டச் சொன்னார். அடுத்த வாரம் விழா வேறு இருந்தது. திரை கட்டிய இடம் பார்க்க லட்சணமாக இருந்ததால், அதன் முன்னாலேயே மேடையையும் போட்டுவிட்டார்கள்.

விழா சாதாரண விழா அல்ல. 'அகில இந்திய அமைதிப் பள்ளிகள் பேரவை' என்ற அமைப்பிலிருந்து நடுவர் ஒருவர் வருகிறார். இந்தியாவிலேயே மிக அமைதியான பள்ளி என்று சான்றிதழ் தரப்போகிறார். மேடையில் கரும்பலகை ஒன்றை வைத்து, 'பேசியவர்கள்' என்று தலைப்பு எழுதி, அடியில் ஒன்றுமே எழுதாமல் காட்ட வேண்டும் என்பது தாளாளரின் யோசனை. தலைப்பை எழுத நல்ல கையெழுத்து வேண்டும்.

"விழாவில ஒழுங்கா நில்லு" என்று ராஜமணி அஸ்வதியிடம் சொன்னார். சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்துப் பாதி விரித்துக் காட்டினார். அஜினின் நன்னடத்தைச் சான்றிதழ். நடத்தை என்ற இடம் மட்டும் காலியாக இருந்தது. "இதை அனுப்ப அன்னைக்குச் சாயங்காலந்தான் கடைசி. விழா நல்லபடியா முடியட்டு. பின்ன நீ சாட்சிக் கையெழுத்துப் போடு. இதுல எப்படியாச்சும் 'நன்று'ன்னு கரெக்ட் பண்ணிக்கலாம்."

"நிக்கேன் சார். கையெழுத்துப் போடமாட்டேன்."

"ஏட்டி, உனக்கு என்ன கொழுப்பு!" என்றார் ராஜமணி. ஆனால் அவளை மாற்றவில்லை. பள்ளியில் வேறு யாருக்கும் அந்தக் கையெழுத்து இல்லை.

விழா நாளன்று நானூறு பிள்ளைகளும் வெயிலில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். நடுவர் ஒல்லியான மனிதர். கையில் சத்தத்தை அளக்கும் கருவி. பிள்ளைகள் பக்கம் நீட்டினார். முப்பத்தொன்று காட்டியது. அதுவும் காக்கையாக இருக்கலாம் என்று குறித்துக்கொண்டார். தலைப்பு மட்டும் எழுதிய பலகைக்கு அருகில் அஸ்வதி சாக்பீஸோடு நின்றாள். தாளாளர் தன் நாற்காலிக்கு முன்னால் நின்று மைக்கைப் பிடித்தார்.

மௌனத்தின் பெருமையைப் பற்றி ஐம்பது நிமிஷம் பேசினார். கருவி எண்பத்துநாலு காட்டியது. "பேசாதவனே பெரியவன்" என்றார். "பேச்சைக் குறை, பேச்சைக் குறை என்று நான் பேசாத மேடையில்லை" என்றார். ஐம்பத்தோராவது நிமிஷத்தில் நீலத் திரையின் அடி லேசாக அசைந்தது.

அதே பாம்பு. வரவில்லை என்று எழுதிவிட்டதால் யாரும் அதைத் தேடவில்லை, விரட்டவில்லை. அது நிம்மதியாகத் தின்று கொழுத்திருந்தது. தலையை நீட்டி, தாளாளரின் நாற்காலிப் பக்கமாக மெதுவாக வந்தது. அஸ்வதி உற்றுப் பார்த்தாள். படம் இல்லை. மஞ்சளும் தவிட்டு நிறமும். சாரைதான், கடித்தாலும் உயிருக்கு ஒன்றுமில்லை. அவள் மூச்சை இழுத்து விட்டுக்கொண்டு, விதிப்படி வலது கையைத் தூக்கினாள்.

சத்தியபாய் கண்ணாலேயே அதட்டிக் கையை இறக்கச் சொன்னார். அஸ்வதி இறக்கவில்லை. முன்வரிசையில் அஜினும் பார்த்துவிட்டான். அவன் வாய் திறந்தது, உடனே மூடியது. கையைத் தூக்கினான். அவனுக்குப் பக்கத்தில் ஒரு கை, பின்னால் பத்துக் கை, அப்புறம் நானூறு கைகளும் ஒரு சத்தமில்லாமல் மேலே எழும்பின.

தாளாளருக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. "பாருங்கள் நடுவர் அவர்களே! நான் சொல்லவே இல்லை. என் கருத்தை ஆதரித்துத் தாங்களாகவே கை தூக்குகிறார்கள். என்ன ஒற்றுமை! என்ன ஒழுக்கம்!"

ராஜமணி மட்டும் எதற்கும் இருக்கட்டும் என்று மேடையோரமாக வந்து அஸ்வதியிடம் அனுமதிச் சீட்டு ஒன்றை நீட்டினார். அவள் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டுப் பேனா வாங்கி நிதானமாகப் பூர்த்தி செய்தாள். ஆபத்தின் தன்மை: சாரைப் பாம்பு. இடம் என்று சீட்டில் கேட்கவில்லை. அவளே ஓரத்தில் 'தாளாளர் செருப்புக்கு அருகில்' என்று சேர்த்தாள். ராஜமணி வாங்கிப் பார்த்தார். பாதிக்கு மேல் படிக்கவில்லை. "வகுப்பாசிரியர் கையெழுத்து இல்லியே?" என்று கிசுகிசுத்துத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அந்த நேரத்தில் பாம்பு செருப்பைத் தாண்டிப் பாதத்தின் மேல் ஏறியது.

"பாம்பு!" என்று மைக்கில் அலறினார் தாளாளர். "ஐயோ பாம்பு! லேய் ராஜமணி! பாம்புலே! எம்மா! அடிலே அதை! ஓடி வாங்கலே! பிள்ளியளே, ஏம்லே ஒருத்தனும் சொல்லல? வாட்ச்மேன்! தள்ளுலே அதை! எனக்க கால்!"

இருபது வருஷ மேடைத்தமிழ் எங்கே போனதென்று தெரியவில்லை. மூச்சு வாங்குவதற்காக நிறுத்தியபோது அவர் நாற்காலி மேல் நின்றுகொண்டிருந்தார். வேட்டி ஒரு பக்கம், துண்டு ஒரு பக்கம். பாம்பும் பயந்துபோய் அந்த நாற்காலிக்கு அடியிலேயே சுருண்டுகொண்டது. கருவி நூற்றுப்பன்னிரண்டு காட்டியது. நானூறு பிள்ளைகளும் தூக்கிய கையை இறக்காமல் அப்படியே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சாக்பீஸ் உரசும் சத்தம் மட்டும் கேட்டது. அஸ்வதி எழுதிக்கொண்டிருந்தாள். பள்ளியிலேயே அழகான கையெழுத்தில், கடைசி வரிசைக்கும் தெரிகிற அளவில்:

ஆனந்தகிருஷ்ணன் × 11.

"அழி அதை!" என்று கத்தினார் தாளாளர்.

அவள் பதினொன்றைப் பன்னிரண்டு ஆக்கினாள். "எதுக்கு சார் அழிக்கணும்?"

"கண்ணு தெரியலையா? பாம்பு வந்ததுனாலதானே கத்தினேன்!"

பதின்மூன்று. "பாம்பு வரல சார். இங்க பாம்பு கிடையாதுன்னு கமிட்டி எழுதியிருக்கு. நீங்கதான் தலைவர்."

நடுவர் தன் விதிப் புத்தகத்தைப் புரட்டினார். நிதானமான மனிதர். "தலைவர் பேசினாலும் கணக்குத்தான்" என்றார். "ஆனால் ஆபத்தினால் பேசியதென்றால் எங்களிடம் விலக்கு உண்டு. ஆபத்து உங்கள் பதிவேட்டில் ஏறியிருக்க வேண்டும். பாம்பு வந்தது உண்மையா, இல்லையா?"

தாளாளர் நாற்காலிக்கு அடியில் பார்த்தார். நடுவரின் கையில் சுருட்டியிருந்த சான்றிதழையும் பார்த்தார். "உண்மை! உண்மை! ரெஜிஸ்டரைக் கொண்டாங்க டீச்சர்! பாம்பு வந்ததுன்னு எழுதுங்க! பெருசா எழுதுங்க!"

சத்தியபாய் ஓடிப்போய்ப் பேச்சுப் பதிவேட்டைக் கொண்டுவந்தார். சிவப்புப் பேனாவைத் திறந்தார். அஸ்வதி பலகைக்கும் அவருக்கும் நடுவில் வந்து நின்றாள்.

"செவ்வாய்க்கிழமை வந்ததும் இதே பாம்பாக்கும். அதையும் எழுதணும். எழுதி, அஜினுக்க பேரை நீங்க வெட்டினா, தாளாளர் பேரை நான் அழிக்கேன். இல்லேன்னா ரெண்டு பேரும் இருக்கட்டும்."

"சரித்திரத்தை எப்படி..." என்று இழுத்தார் சத்தியபாய்.

"திருத்துங்க டீச்சர்!" என்று நாற்காலி மேலிருந்து குரல் வந்தது. பாம்பு லேசாக அசைந்திருக்க வேண்டும்.

சரித்திரம் திருத்தப்பட்டது. அஜினின் ஏழின் மேல் கோடு விழுந்தது. ராஜமணி தானாகவே சட்டைப் பையிலிருந்து சான்றிதழை எடுத்துத் தாளாளரிடம் நீட்டினார். அவர் நாற்காலியை விட்டு இறங்காமல், ராஜமணியின் முதுகையே மேசையாக வைத்துக் கையெழுத்துப் போட்டார்.

"'நன்று'ன்னு எழுதணும் சார்" என்றாள் அஸ்வதி.

எழுதினார். ராஜமணியின் முதுகு அசைந்ததில் எழுத்து கோணல்மாணலாக இருந்தது. ஆனாலும் நன்றுதான்.

அஸ்வதி குனிந்து நீலத் திரையின் அடியைத் தூக்கிப் பிடித்தாள். சாரை கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, சரசரவென்று வந்த வழியே போய்விட்டது. பிறகு டஸ்டரை எடுத்து, சொன்ன வாக்குப்படி தாளாளர் பெயரைத் துடைத்தாள். தலைப்பும் கோடும் மட்டும் மிஞ்சின. தாளாளர் பெருமூச்சோடு இறங்கினார். நடுவர் சான்றிதழைச் சுருள் பிரித்தார். மேடையில் எல்லோர் முகத்திலும் பழைய களை வந்தது.

அஸ்வதி இன்னும் போகவில்லை. டஸ்டரை வைத்துவிட்டு மறுபடி சாக்பீஸை எடுத்தாள். தான் பேசியதை விரல் மடக்கி எண்ணிப் பார்த்தாள். லீடர் பேசமாட்டாள் என்று சொல்லி ஒரு மணி நேரம் நிற்க வைத்தவர் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார். தாளாளர் பெயர் இருந்த அதே இடத்தில் எழுதினாள்:

அஸ்வதி × 4.

அடியில் அழுத்தமாக ஒரு கோடும் போட்டாள். சாக்பீஸைச் சத்தியபாயின் கையில் கொடுத்துவிட்டு மேடையை விட்டு இறங்கி, அஜினுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். நடுவர் பலகையைப் பார்த்தார், சான்றிதழைப் பார்த்தார், அதை மறுபடி சுருட்டினார்.

வரிசையில் யாரோ ஒருவர் இருமினார். பின்னாலிருந்து இன்னொருவர் பதிலுக்கு இருமினார். அப்புறம் நானூறு பேரும் இருமினார்கள்.